மீத்திறனும் சிதறுங் கவனமும்: தொழில் நடத்தும் பெண்டிரைக் குறித்துச் சில கருத்துக்கள்

வகுப்பில் அடங்கியிருக்கும் மாணவியைப் பற்றி ஆசிரியர் எவரும் கவலையுறுவதில்லை. கண் கரும்பலகையின்மீதிருக்க, மனம் சாளரத்தின் வழியே எங்கோ சென்றிருப்பினும், ஓசை செய்யாமையே நற்குணமென மதிக்கப்பட்டுவிடுகிறது. அவள் கூரிய அறிவினளாகவும் இருந்துவிட்டாலோ, தேர்வுக்கு முந்திய இரண்டு இரவுகளில் ஓராண்டுப் பாடத்தையும் விழுங்கித் தேறிவிடுவாள். குறையொன்று உண்டென்பதை வீட்டாரும் அறியார், அவளும் அறியாள். இத்தகையோரிற் சிலர் பின்னாளிற் சொந்தமாகத் தொழில் தொடங்கி நடத்துங்கால் நேர்வனவற்றைப் பற்றியே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இக்குறையை மருத்துவர் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்பர், எனினும் ஏ.டி.எச்.டி. என்னும் ஆங்கிலச் சுருக்கமே பெரிதும் வழங்குகின்றது. இதன் வரலாறு பெரும்பாலும் சிறுவரின் வரலாறேயாம். 1902-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், லண்டன் அரச மருத்துவக் கல்லூரியில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், அறிவிற் குறைவின்றியும் தம்மை அடக்கியாள மாட்டாத பிள்ளைகள் சிலரை விவரித்தார். அவருட் பெரும்பாலார் ஆண்பிள்ளைகள். 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்பார், பென்ஸெட்ரின் மருந்தளித்த பிள்ளைகள் பாடத்திற் கருத்தூன்றக் கண்டு வியந்து எழுதினார். 1968-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தார் தம் கையேட்டில் இதனைக் குழந்தைப் பருவத்து மிகையியக்கம் என்றே குறித்தனர். ஓடுகிறவன், குதிக்கிறவன், நாற்காலியினின்றும் விழுகிறவன், இவனே நோயாளியின் உருவம். ஓட்டமும் ஆட்டமும் இன்றியே கவனக்குறை இருத்தல் கூடுமென்பதை 1980-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பே ஒப்புக்கொண்டது. வளர்ந்தோர்க்குரிய அளவுகோல் தளர்த்தப்பட்டதோ 2013-இல். இக்கோளாறு குடிவழியே வெகுவாகத் தொடர்வதொன்றாதலின், மகனை மருத்துவரிடம் அழைத்துச் சென்ற தாய், அங்கே கேட்கப்படும் வினாக்கள் யாவும் தன்னையே பற்றியனவாயிருத்தல் கண்டு திடுக்கிடுவது இக்காலத்திற் பலமுறை நிகழ்கின்றது.

மீத்திறன் படைத்தாரிடத்து இவ்விரண்டும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். அறிவு குறையை மறைக்கின்றது. குறை அறிவை மறைக்கின்றது. வெளியே தோன்றுவது நடுத்தரமான ஒரு மாணவி. இவ்விரட்டைத் திரையே எமது தொழிலினர் ஏமாறும் இடமாம்.

ஜெஸிகா மெக்கேப் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் கதையைப் பாருங்கள். மூன்றாம் வகுப்பிலேயே, பள்ளிப்படிப்பு முழுதும் முடித்தார்க்குரிய அளவில் தேர்வெண்கள் பெற்றவர். பெருங்காரியங்கள் செய்வாரென்று ஆசிரியர் யாவரும் எதிர்பார்க்க வளர்ந்தவர். 12-ஆம் வயதிற் குறை இன்னதெனத் தெரிந்தது; அவ்வகையில் அவர் பலரினும் நற்பேறுடையவரே. எனினும் 32 வயதிற்குள் 15 வேலைகளைத் தாமே விட்டும், நீக்கப்பட்டும் இழந்து, மணமுறிவுங் கண்டு, தாயின் இல்லத்திற்கே மீண்டார். இவற்றையெல்லாம் 2017-இல் பிராட்டிஸ்லாவா நகரில் மேடையேறி அவரே ஒளியாது கூறினர். 2016-இல், இக்குறையைப் பற்றித் தாம் கற்றவற்றைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் படங்களை யூட்யூபில் வெளியிடத் தொடங்கினார். அதுவே அவர்தந் தொழிலாயிற்று. 2024-இல் நூலொன்றும் வெளிவந்தது. பதினைந்திடத்து நிலைக்காதவர் ஓரிடத்து நிலைத்தது எவ்வாறு? இத்தகைய மனம், முக்கியம் என்பதற்கு அசையாது. விருப்பம் என்பதற்கே அசையும். பிறர் விதித்த பணியில் அரைமணி நேரம் தரியாதவர், தாம் விரும்பிய பணியிற் பசியும் உறக்கமும் மறந்திருப்பர். ஆகவே, சொந்தத் தொழிலை நாடும் இத்தகைய பெண்டிர் எல்லாரையும் துணிச்சலே உந்துகின்றதென நினைத்தலாகாது. அலுவலகங்கள் தம்மை வைத்துக்கொள்ளாமையினாற் புறப்பட்டோரும் அவருள் உளர்.

புறப்பட்டார்க்கு அங்கும் ஓர் இடர் காத்திருக்கின்றது. தொழிலின் முதலாண்டு இவர்க்கே உரியது. புதுப்பொருளைக் கற்பித்தல், வாங்குவோர் மனமறிதல், ஒருவரும் காணாத இடத்தில் வாய்ப்பைக் காணுதல், இவற்றில் இவரை வெல்வாரரிது. தொழில் வளர்ந்துவிட்டாலோ, பட்டி அனுப்புதல், பாக்கி கேட்டல், வரிக்கணக்கை நாள் தவறாது செலுத்தல், வந்த கடிதத்திற்கு விடையெழுதல் என நாள்தோறும் ஒரே வகையான பணிகள் குவிகின்றன. இவர்க்குக் காலம் இரண்டே. இப்பொழுது ஒன்று, இப்பொழுதல்லாதது மற்றொன்று. அடுத்த மாதத்து இருபதாந் தேதி இரண்டாவதைச் சேர்ந்தது. பத்தொன்பதாந் தேதியிரவு திடீரென முதலாவதாகிவிடும். விற்பனை சிறந்திருக்கையிலே கைப்பொருளின்றித் திகைப்பதும், செய்த வேலைக்குப் பட்டியே அனுப்பாது விட்டதும் இவ்வழி நேர்வனவே. உலகத்தார் இதனைச் சோம்பல் என்பர். இரவெல்லாம் விழித்து உழைக்கும் ஒருத்தியைச் சோம்பேறியென்று அழைப்பதற்கு ஒரு தனித்திறமை வேண்டும்!

ஆடவர் செய்தி வேறு. கிங்கோஸ் என்னும் படியெடுக்கும் நிலையங்களை 1970-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய பால் ஆர்பலியா, எழுத்துக்கூட்டி வாசிக்க இடர்ப்பட்டவர்; ஓரிடத்தில் இருக்கமாட்டாதவர். தம் அறையிற் தங்காது கடைதோறுஞ் சுற்றி, பணியாளர் நன்கு செய்வனவற்றைக் கண்டு பரப்புதலையே தம் பணியாகக் கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். எழுத்துவேலை பிறர் கையிலிருந்தது. 2004-இல் அந்நிறுவனம் 240 கோடி டாலருக்கு பெடெக்ஸ் கைக்கு மாறிற்று. அவரை நாம் மேதை என்கிறோம், தகும். ஆனால் அவ்வாறு சுற்றித் திரியும் முதலாளி பெண்ணாயிருப்பின், 'கடையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை' என்றன்றோ கூறுவோம்? ஆடவர்தம் தொழில்கள் பலவற்றிற் கணக்கையும் நாட்குறிப்பையும் ஊதியமின்றிப் பார்த்தவள் மனைவி. தொழில் நடத்தும் பெண்ணுக்கு அத்தகைய மனைவி இல்லை. கடையின் தேதிகளோடு பிள்ளையின் பள்ளித்தேதியும், மாமியாரின் மருந்துவேளையும் அவள் நினைவின்மேலே ஏற்றப்படுகின்றன. அந்நினைவோ, சுமைதாங்கத் தகாததென மருத்துவநூல் கூறும் அவ்வுறுப்பே.

இக்காலத்தில் வேறொரு பேச்சும் எழுந்துளது. இக்குறை குறையன்று, தெய்வம் தந்த வல்லமையென்று சிலர் கொண்டாடுகின்றனர். தாழ்த்திப் பேசிய வாய்களுக்கு மறுமொழியாக அது எழுந்ததென அறிவோம். ஆயினும் யாம் அதனை ஒப்பமாட்டோம். வல்லமையுடையாட்கு உதவி எதற்கென்று உலகம் எளிதிற் கைகழுவிவிடும். அவளது மீத்திறன் மெய். அவளது இடரும் மெய். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழித்தல் கணக்காகாது. மெதில்பெனிடேட் போன்ற மருந்துகள், மருத்துவர் ஆராய்ந்து அளிக்குங்கால், வளர்ந்தோர் பலர்க்கும் பயன்படுகின்றன. கண்ணாடி அணிந்து படிப்பாரை நகையாதார், மருந்துண்டு கணக்கெழுதுவாளை ஏன் நகைத்தல் வேண்டும்?

'அறிவுடையள், முயற்சி போதாது' என்று மாணவியர் நற்சான்றேடுகளில் யாமும் பலமுறை எழுதியிருக்கிறோம். எழுதியபோது அஃது உண்மையென்றே நம்பினோம்.

தொழில் தொடங்க விழையும் மாணவியர்க்கு வணிகவியல் வகுப்புக்களில் முதல் திரட்டுதலும் விளம்பரஞ் செய்தலும் கற்பிக்கப்படுகின்றன. முதற் கூலியை யாருக்குக் கொடுப்பது என்பதையும் அங்கே பேசலாம். கடையை அழகுபடுத்துவோனுக்கன்று, கணக்கெழுதுவோனுக்கே கொடுக்கவேண்டும் என்பது எம் கருத்து. கையிற் பணமில்லாத தொடக்கத்திற் கணக்கன் ஏது என்பார் உளர். வாரத்தில் ஒரு பிற்பகல், எதிரே ஒரு தோழி அமர்ந்திருப்பினும் போதும். அவள் கணக்கைத் தொடவும் வேண்டுவதில்லை, தன் தையலைத் தான் தைத்துக்கொண்டிருக்கலாம். மற்றொருவர் அருகிருக்க அப்பெட்டியைத் திறப்பது எளிதாயிருக்கின்றதென இக்குறையுடையார் பலர் கூறுகின்றனர்.