வெறும் வயிற்றில் கஃபீன்: எங்கள் வீராங்கனைகளுக்கு உண்மையில் எது குறைகிறது?

வன்னியில் ஒரு பாடசாலை மைதானம். காலை ஆறரை மணி. 1500 மீற்றர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கும் மாணவி ஒருவரிடம், என்ன சாப்பிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். "வெறும் தேத்தண்ணிதான் அக்கா" என்றார். சற்றுத் தள்ளி அவருடைய தோழிகள் இருவர் ஒரு எனர்ஜி ட்ரிங்க் ரின்னைப் பகிர்ந்து குடித்துக்கொண்டிருந்தனர். போட்டி நெருங்குகிறது, உசாராக இருக்க வேண்டுமாம்.

கஃபீன் ஓட்டத்துக்கு உதவும் என்பது பொய்யல்ல. உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகவரகம் 2004இல் அதைத் தடைப்பட்டியலில் இருந்து நீக்கியது. உடல் எடையின் ஒரு கிலோகிராமுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை எடுத்தால் பயன் உண்டு என்கின்றன ஆய்வுகள். 2019இல் வெளியான ஓர் ஆய்வு, பெண்களுக்கும் ஆண்களுக்குக் கிடைக்கும் அளவு பயன் கிடைப்பதைக் காட்டியது. ஆனால் இந்த அளவுகள் வளர்ந்தவர்களுக்கு உரியவை. சிறுவர்களும் பதின்ம வயதினரும் எனர்ஜி ட்ரிங்க் குடிக்கவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2011இலேயே சொல்லிவிட்டது.

கஃபீன் உடலுக்குச் சக்தி கொடுப்பதில்லை. களைப்பை மூளைக்கு அறிவிக்கும் அடினோசினின் வேலையைத்தான் அது தடுக்கிறது. தசைக்கு எரிபொருள் காபோவைதரேற்று. அது இல்லாத உடலில் கஃபீன் களைப்பை மறைக்க மட்டுமே செய்யும்.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆய்வை நினைவுபடுத்த வேண்டும். 1995இல் கனடாவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சில நாட்கள் காபோவைதரேற்று கூடிய உணவு கொடுத்தார்கள். மொத்தச் சக்தியில் 75 வீதம் அதிலிருந்தே வந்தது. ஆண்களின் தசைகளில் கிளைக்கோஜன் 41 வீதம் கூடியது. பெண்களுக்குக் கூடவே இல்லை. பெண்ணின் உடல் அப்படித்தான் போலும் என்று பலர் முடிவுகட்டினர். 2001இல் அதே ஆய்வாளர்கள் மீண்டும் பரிசோதித்தார்கள். இம்முறை பெண்களின் மொத்த உணவின் அளவையும் கூட்டினார்கள். கிளைக்கோஜன் கூடியது. முதல் ஆய்வில் பெண்கள் சாப்பிட்ட மொத்த உணவே குறைவு. குறைந்த உணவின் 75 வீதமும் குறைவுதானே!

கோளாறு உடலில் இருக்கவில்லை, கோப்பையில் இருந்தது.

எங்கள் கோப்பைகளின் நிலை என்ன? 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. விலைகள் ஏறும் வேகம் பின்னர் குறைந்தது, ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. போரில் கணவனை இழந்து, கூலிவேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்களின் வீடுகளில் முதலில் குறைவது யாருடைய பங்கு என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அரசின் பாடசாலை உணவுத் திட்டமோ பெரும்பாலும் ஆரம்பப் பிரிவு மாணவர்களுக்கானது. 14, 16 வயதில் மாகாணமட்டத்துக்கு ஓடும் பிள்ளை அந்த வரிசையில் இல்லை.

உடற்பயிற்சிக்கு ஏற்ற உணவு இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இலும் 2023இலும் விரிவாக எழுதியிருக்கிறது. மாதவிடாய் நிற்கலாம், எலும்பு பலவீனமடையலாம், காயங்கள் ஆற நாட்கள் எடுக்கலாம். மாதவிடாய் நின்றுவிட்டால், "நல்லதுதானே, பயிற்சிக்குத் தொந்தரவில்லை" என்று நினைக்கும் பிள்ளைகளைச் சந்தித்திருக்கிறேன். ஆண் பயிற்றுவிப்பாளரிடம் அதை எப்படிச் சொல்வது என்ற தயக்கமும் கூடவே இருக்கிறது. இன்னொன்று, சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். இரத்தச்சோகை உள்ள பிள்ளைக்கு அது இரட்டை இழப்பு. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணிநேரமாவது விடலாம்.

போத்தல்களில் வரும் மாத்திரைகளையும் தூள்களையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், லேபலில் இல்லாத தடைசெய்யப்பட்ட பொருள் உள்ளே இருந்தாலும் பொறுப்பு வீராங்கனையுடையதே. தெரியாது என்பது அங்கே எடுபடாது.

பயிற்சிக்கு முன் இரண்டு வாழைப்பழம், அல்லது பாணும் சம்பலும். பயிற்சி முடிந்தபின் சோறும் பருப்பும், முடிந்தால் ஒரு முட்டை. ஒரு மணிநேரத்துக்குக் குறைவான பயிற்சிக்கு இடையில் எந்தப் பானமும் அவசியமில்லை, தண்ணீர் போதும். விளையாட்டுப் போட்டிகளுக்குப் பந்தல், பதாகை, கேடயம் என்று செலவழிக்கும் பழைய மாணவர் சங்கங்களிடமும் புலம்பெயர் நன்கொடையாளர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: அந்தக் கணக்கில் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு வரி இருக்கிறதா?