மூடிய மண்டபமும் ஆறு பட்டங்களும்

மேசைப் பந்தாட்டம் மழை நாளுக்கு ஏற்ற பொழுதுபோக்கே என எண்ணுவோர் நம்மிடையே பலர். அவ்வாட்டத்தின் வரலாற்றைப் புரட்டுவோர் ஒரு பெண்மணியின் பெயரருகே வியந்து நிற்பர். ரூமேனிய நாட்டு அஞ்சலிக்கா றொசியானு, 1950 முதல் 1955 வரை ஆண்டுதோறும் உலக ஒற்றையர் பட்டத்தை வென்றவர். புடாபெஸ்ற், வியன்னா, பம்பாய், புக்கரெஸ்ற், இலண்டன், உட்றெக்ற் என நகரங்கள் மாறின, வென்றவர் மாறவில்லை. 1952இல் பம்பாயில் நிகழ்ந்ததே ஆசிய மண் கண்ட முதலாவது உலகப் போட்டி. யப்பானியரான சற்றோ பஞ்சு மட்டை ஏந்தி ஆடவர் பட்டத்தைக் கவர்ந்தார்; மகளிர் பட்டமோ றொசியானுவிடமே தங்கிற்று. 1955க்குப் பின்னர் ஐரோப்பியப் பெண் எவரும் அதனை வென்றதில்லை.

ஆயினும், நாம் சிந்திக்க வேண்டியது இப்பட்டங்களை மட்டுமன்று. 1936இலேயே தம் நாட்டின் சம்பியனான இவர் யூத குலத்தவர். 1940 முதல் 1944 வரை ரூமேனியாவில் யூதர்க்கு விளையாட்டு மண்டபங்களின் கதவுகள் அடைபட்டிருந்தன. இளமையின் செழிப்பான ஆண்டுகளில் அவர் மட்டையேந்த வழியின்றி இருந்தார்.

"போரினால் உலகப் போட்டிகளே நடைபெறவில்லையே, அவர் இழந்ததென்ன?" எனச் சிலர் வினவலாம். போட்டியை இழந்தோர் பலர். பயிற்சி செய்யும் உரிமையையும் சேர்த்து இழந்தவர் இவர். "அத்தடையே அவரை உறுதியாக்கிற்று" என்பார் வேறு சிலர். இது கேட்க இனிதாயினும், கொடுமைக்கு நற்சான்று வழங்கும் பேச்சாகும். மீண்டு வந்த ஒருவரை நாம் அறிவோம். மீளாதோர் எத்தனை பேர் என்பதை எந்தப் பதிவேடு கூறும்? வென்றவரைக் காட்டி, அடைத்த கதவை நியாயப்படுத்துதல் அறமாகாது.

1960இல் அவர் தாயகம் நீங்கி இஸ்ரவேலிற் குடியேறினார். 2006இல் ஹைபா நகரில் மறைந்தார். பதினேழு உலகப் பட்டங்களை ஈட்டியவரின் வாழ்வு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உணர்த்துவது ஒன்றுண்டு. திறமையைப் படைக்கும் ஆற்றல் நம்மிடம் இல்லாதிருக்கலாம். மண்டபத்தின் திறவுகோலோ பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கின்றது. குலமும் பாலும் வினவி அதனைப் பூட்டுவோமாயின், யாரை இழந்தோம் என்பதையும் அறியாதவராவோம்.