ஒரு வரிக்கு எத்தனை எழுத்து?



லேப் தேர்வு நெருங்கினால் நமக்கு வரும் கடிதங்களின் குரலே மாறிவிடுகிறது. சி மொழியில் எழுத்து பேட்டர்ன் அச்சிடும் புரோகிராம்களை வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டோம், ஆனால் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் கை ஓடவில்லை என்று முதலாண்டு மாணவர்கள் எழுதுகிறார்கள். மனப்பாடம் செய்ய அதில் எதுவுமே இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி இது என்று வைத்துக்கொள்வோம்:

ஏ
ஏ பி
ஏ பி சி
ஏ பி சி டி

கீபோர்டைத் தொடாதீர்கள். ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். எத்தனையாவது வரி, அதில் எத்தனை எழுத்து, எதில் தொடங்கி எதில் முடிகிறது. சி மொழியின் வழக்கப்படி பூஜ்யத்திலிருந்தே எண்ணுங்கள். 0ஆம் வரியில் ஓர் எழுத்து, 1ஆம் வரியில் இரண்டு, 2ஆம் வரியில் மூன்று. புரோகிராம் அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. வெளி லூப் 'வரி' என்ற மாறியை 0 முதல் 3 வரை நகர்த்தும். உள் லூப் 'இடம்' என்ற மாறியை 0 முதல் அந்த வரியின் எண் வரை நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஏ என்ற எழுத்தோடு 'இடம்' கூட்டி அச்சிடும். உள் லூப் முடிந்த பிறகு அடுத்த வரிக்குப் போகும் கட்டளை. அந்தக் கட்டளை தவறிப்போய் உள் லூப்பின் அடைப்புக்குள் விழுந்தால், எழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தூண் மாதிரி இறங்கும். மாணவர்கள் அனுப்பும் புரோகிராம்களில் அதிகம் கண்ணில் படும் பிழை இதுதான்.

இப்போது ஆசிரியர் கேள்வியை மாற்றுகிறார். ஏ, அடுத்த வரியில் பி பி, அதற்கடுத்து சி சி சி. அட்டவணையைப் பாருங்கள். எழுத்துகளின் எண்ணிக்கை மாறவில்லை, லூப்புகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஏ எழுத்தோடு 'இடம்' கூட்டியதற்குப் பதிலாக 'வரி' கூட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு மாறியை மாற்றியதும் படமே மாறிவிடுகிறது. இந்த இடத்தில் ஒரு மாணவருக்குப் பொறி தட்டிவிட்டால், பிரமிடு, தலைகீழ் முக்கோணம், வைரம் எல்லாவற்றையும் அவரே போட்டுக்கொள்வார். பிரமிடுக்கு அட்டவணையில் வெற்றிடத்துக்கு ஒரு பத்தி கூடும். வேறொன்றும் இல்லை.

எழுத்தோடு எண்ணைக் கூட்ட முடிவது எப்படி? பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் சி மொழியை உருவாக்கியபோது, எழுத்தையும் ஒரு சிறிய முழு எண்ணாகவே வைத்தார். எழுத்துக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் பெரிய ஏ 65, இசட் 90. சின்ன ஏ 97. பெரிய எழுத்தோடு 32 கூட்டினால் அதன் சின்ன எழுத்து கிடைத்துவிடும்.

ஆனால் எழுத்துகள் இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து வரும் என்று சி மொழியின் தரநிலை உறுதி கொடுக்கவில்லை. 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களுக்கு மட்டுமே அந்த உறுதி உண்டு. ஐபிஎம் பெருங்கணினிகளின் எப்சிடிக் முறையில் ஐ என்ற ஆங்கில எழுத்து 201, அடுத்து வரும் ஜே 209. நம் முக்கோணத்தைப் பத்து வரிக்கு நீட்டி அங்கே ஓட்டினால், கடைசி வரியில் ஜே வராது.

இந்தச் சிக்கல் நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை. அ, அடுத்து அ ஆ, பிறகு அ ஆ இ என்று தமிழில் அச்சிடப் பாருங்கள். யூனிகோடில் அ 2949. அங்கிருந்து ஊ வரை ஒழுங்காக 2954இல் முடிகிறது. அதன்பின் மூன்று இடங்கள் காலி. எ 2958இல்தான் வருகிறது. ஐ முடிந்து ஒ தொடங்கும் முன் இன்னோர் இடம் காலி. போதாததற்கு, யூடிஎஃப்-8 முறையில் அ என்ற ஒரே எழுத்துக்கு மூன்று பைட்டுகள் வேண்டும். சி மொழியின் கேரக்டர் மாறியில் ஒரு பைட்டுக்குத்தான் இடம்.

வழி இருக்கிறது, கடினமும் இல்லை. பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் பன்னிரண்டு ஸ்டிரிங்குகளாக ஓர் அரேயில் வைத்துவிடுங்கள். லூப்பின் எண் கூட்டலுக்குப் போகாமல், அரேயில் எத்தனையாவது எழுத்து என்பதை மட்டும் சொல்லட்டும். காலி இடங்கள், பைட் கணக்கு இரண்டும் நம்மைத் தொடாது. கா, கி, கீ போன்ற உயிர்மெய்களும் இதே வழியில் வந்துவிடும். மேலே பார்த்த எப்சிடிக் கோளாறுக்கும் மருந்து இதுவே. எனக்கு இது கூட்டல் வழியைவிட நல்ல புரோகிராமாகவே படுகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஔ அகலமான எழுத்து, ஈ அந்த அளவு அகலம் இல்லை. அதனால் தமிழ்ப் பிரமிடு நடுவில் ஒழுங்காக நிற்காது. இடப்பக்கம் ஒட்டிய முக்கோணமே நமக்குச் சரி.

லேப் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாளில் போட்ட அட்டவணைக்கும் மதிப்பெண் கொடுங்கள். அவுட்புட் தப்பினாலும் அட்டவணை சரியாக இருக்கும் மாணவர் பாடத்தில் பாதியைப் பிடித்துவிட்டார் என்றே பொருள்.

மாணவர்களே, அ முதல் ஔ வரை பன்னிரண்டு வரி முக்கோணம் ஒன்றை எழுதி ஓட்டிப் பாருங்கள். மொத்தம் 78 எழுத்து வர வேண்டும். புரோகிராமோடு கையால் போட்ட அட்டவணையையும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள். நல்லவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்