ஓட்டுபவரின் காதுக்கும் ஒரு வரம்பு வேண்டும்

பிடுங்கிய சைலன்சர்களைச் சாலையில் வரிசையாகப் பரப்பி ரோடு ரோலர் ஏற்றும் காட்சி நம் காவல்துறைக்குப் பிடித்துப்போய்விட்டது. ஏற்றட்டும். உள்தடுப்பை எடுத்துவிட்ட புல்லட் நள்ளிரவில் தெருவைக் கடந்தால் கைக்குழந்தையும் இதய நோயாளியும் விழித்துக்கொள்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அதைக் கட்டுவது ஓட்டியவர். குழாயை விற்ற கடை மறுநாளும் திறந்திருக்கிறது. முதல் சோதனை அங்கே நடக்க வேண்டும்.

'சத்தம் கேட்டால்தான் லாரிக்காரர் விலகுவார்' என்பது இளைஞர்களின் வாதம். குழாயின் வாய் பின்பக்கம் பார்க்கிறது. முன்னால் போகும் லாரிக்கு அதனால் என்ன பயன்?

அந்த இளைஞருக்கு யாரும் சொல்லாத செய்தி வேறு. 175 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு வரம்பு 80 டெசிபல். அளவி நிற்பதோ சாலையோரத்தில், ஏழரை மீட்டர் தள்ளி. ஓட்டுபவரின் காதருகே யாரும் அளப்பதில்லை. அங்கே, மணிக்கு 65 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் என்ஜினைவிடக் காற்றுதான் அதிகம் இரைகிறது. ஹெல்மெட்டின் கீழ்விளிம்பில், மோவாய்க்கும் கழுத்துக்கும் அருகே சுழன்று உள்ளே ஏறும் காற்று அது. 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் 100 டெசிபலை நெருங்கிவிடும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நையோஷ், நாளொன்றுக்கு 85 டெசிபலை எட்டு மணி நேரமும் 100 டெசிபலைக் கால் மணி நேரமும்தான் தாங்கலாம் என்கிறது. வண்டியை நிறுத்திய பிறகும் காதுக்குள் 'ஙொய்' என்று கேட்கிறதே, அது களைப்பு அல்ல, எச்சரிக்கை. உட்செவியின் நுண்மயிர் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

சில ரூபாய் விலையுள்ள நுரைக் காதடைப்பான் போதும். ஹாரன் கேட்காது என்ற பயம் வேண்டாம். அது காற்றையும் ஹாரனையும் சேர்த்தே குறைப்பதால் ஹாரன் தனித்துக் கேட்கும். பாட்டு கேட்கும் இயர்போன் வேறு விஷயம். அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை.

தொழிற்சாலைத் தொழிலாளிக்கு எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று இந்தியச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. சாலையையே வேலையிடமாகக் கொண்ட உணவு விநியோக இளைஞருக்கும் மருந்து விற்பனைப் பிரதிநிதிக்கும் அப்படி ஒன்று வேண்டாமா? நகரத்துக்குள் வேகம் குறைவுதான். அங்கே காற்றின் வேலையை ஹாரன் செய்கிறது. சீருடை கொடுக்கும் நிறுவனங்கள் காதடைப்பானும் கொடுக்கட்டும். ஆண்டுக்கொரு செவித்திறன் பரிசோதனைச் செலவையும் ஏற்கட்டும். இதைக் கட்டாயமாக்கும் விதியைத் தொழிலாளர் துறை கொண்டுவர வேண்டும்.