நடுக்காண்டத்தின் பெருமை

புதுவைக்குத் தெற்கே பாகூர் என்னும் பழம்பதி உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அங்கிருந்த கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் அறக்கொடையாக அளிக்கப்பட்டன என்று பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அவ்வூரின் பெரிய ஏரிக்குத் தென்பெண்ணை நீர் தருகிறது. ஆற்றின் அழகையும் ஏரியின் பரப்பையும் புகழ்வோர் பலர். சொர்ணாவூர் அணையிலிருந்து அந்நீரைக் கொணரும் பங்காரு வாய்க்காலை நினைப்போர் சிலரே. வாய்க்கால் தூர்ந்தால் ஏரி என்னவாகும் என்பதை உழவர் நன்கறிவர். கதை படிப்போர்தாம் மறந்துவிடுகின்றனர்.

மூன்று பகுதிகளாக அமைந்த நெடுங்கதைகளில் நடுப்பகுதி பெரும்பாலும் வெறும் பாலமாகவே கருதப்படுகிறது. ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் இயற்றிய மோதிரக் கதை 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று நூல்களாக வெளிவந்தது. அதனை அவர் ஒரே கதையாகவே எழுதினார். மூன்றாகப் பிரித்தது வெளியீட்டாரின் வசதி கருதியே. ஆதலின், அதன் நடுநூலாகிய 'இரு கோபுரங்கள்' தனக்கெனத் தொடக்கமும் முடிவும் இன்றி நிற்கிறது என்று குறை கூறுதல் முறையன்று.

சிலப்பதிகாரத்தின் நிலை வேறு. அது புகார், மதுரை, வஞ்சி என மூன்று காண்டங்களாகவே வகுக்கப்பெற்ற காப்பியம். முதற்காண்டத்தில் 10 காதைகள், இறுதிக் காண்டத்தில் 7, நடுக்காண்டத்திலோ 13. ஆயினும் அப்பதின்மூன்றனுள் மாணவர் பெரும்பாலோர் அறிவது வழக்குரை காதை ஒன்றே. சிலம்பு உடைந்து மணி தெறிக்கும் காட்சியை மனப்பாடமாகச் சொல்வோர், அச்சிலம்பு கடந்து வந்த காட்டை அறியார். இது பெரிய இழப்பாகும்.

அக்காட்டில் இல்லாத வியப்பு எந்த அயல்நாட்டுக் கதையில் உண்டு? மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளை மாங்காட்டு மறையோன் விரித்துரைக்கிறான். வலவழி வெயிலில் காய்ந்த பாலை. இடவழியில் திருமால் குன்றமும், பிலமும், வினா எழுப்பும் தெய்வமகளும், மூன்று பொய்கைகளும் உள்ளன. ஒரு பொய்கை இலக்கண அறிவு தரும். மற்றொன்று பழம்பிறப்பு உணர்த்தும். மூன்றாவது எண்ணியதை எல்லாம் ஈயும். இத்தகைய வாய்ப்பை வேறொரு கதைத்தலைவன் விடுவானோ? கவுந்தியடிகள் அதனை வேண்டாது ஒதுக்குகிறார். உண்மை நெறி நிற்போர்க்குப் பொய்கை எதற்கு என்பது அவர் கருத்து. மூவரும் இடைநெறியே செல்கின்றனர். அங்கும் இடர் உண்டு. நீர் பருகச் சென்ற கோவலன் முன்னே, மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவில் கானுறை தெய்வம் வந்து மயக்குகிறது. அவன் ஐயுற்று மந்திரம் கூறவே, அது தன் வடிவை ஒப்புக்கொண்டு விலகுகிறது.

இப்பகுதிகள் கதையின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்பர் சிலர். புகாரில் விட்டுவந்த வாழ்வே கோவலனை மாற்றுருவில் வந்து அழைக்க, அவன் மறுக்கிறான், இது தடையாகுமா? முதற்காண்டத்தை மட்டும் கற்றவர்க்கு அவன் பொருளிழந்த செல்வன், அவ்வளவே. முதிய அந்தணனை யானையின் பிடியிலிருந்து அவன் மீட்டதும், பிற அறங்கள் பல செய்ததும் அடைக்கலக் காதையில் மாடலன் வாயிலாகவே வெளிப்படுகின்றன. மறு காதையிலேயே அவன் கொலையுண்கிறான். அவனை நன்கு அறிந்தபின் இழப்பதனால் அன்றோ நெஞ்சு பதைக்கிறது?

கண்ணகியின் மாற்றம் இன்னும் பெரிது. முதற்காண்டத்தின் இறுதியில், சிறிது தொலைவே நடந்து களைத்தவள் மதுரை எங்குள்ளது என்று கணவனை வினவினாள். அவளே பின்னர் அம்மதுரையின் மன்னனை அவன் அவையில் நின்று வினவுகிறாள். இவ்விரு வினாக்களுக்கும் இடையே கிடப்பது காடும், வேட்டுவர் ஊரும், ஆய்ச்சியர் மனையுமே. வழக்குரை காதையைக் கற்பிக்கும் ஆசிரியர், அதற்கு முன் இரண்டொரு நாள் காடுகாண் காதையை வகுப்பில் உரக்கப் படிக்கச் செய்தல் நன்று.