இலவச உணவுக்கும் எல்லை உண்டா? கோபிநத்தம் போன்ற வனக் கிராமங்கள் எழுப்பும் கேள்வி

மைசூரு: தமிழக எல்லையை ஒட்டிய காவிரி வனப்பகுதியில் அமைந்துள்ளது கோபிநத்தம். முன்பு மைசூரு மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1997-இல் உருவான சாம்ராஜ்நகர் மாவட்டத்தின்கீழ் தற்போது வருகிறது. வீரப்பன் பிறந்த ஊர் என்றே வெளியுலகம் அறிந்த இக்கிராமத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் பெருமளவில் வசிக்கின்றன. இத்தகைய ஊரில் உணவின்றித் தவிக்கும் ஒருவர் எங்கே செல்வது என்ற கேள்விக்கான விடை, நகரங்களில் கிடைக்கும் விடையிலிருந்து பெரிதும் வேறுபடுகிறது.

ரேஷன் அட்டையே முதல் வழி

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இன்படி, முன்னுரிமைக் குடும்பங்களில் நபர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியமும், அந்தியோதயா குடும்பம் ஒன்றுக்கு 35 கிலோவும் வழங்கப்படுகின்றன. 2023 ஜனவரி முதல் இவை விலையின்றியே கிடைக்கின்றன. கர்நாடக அரசு 2013-இல் தொடங்கிய அன்னபாக்கியா திட்டத்தின்கீழ் 2023-இல் கூடுதலாக 5 கிலோ அறிவித்தது. அரிசி கிடைக்காததால் கிலோவுக்கு ரூ.34 வீதம் பணமாக அளித்து வந்த அரசு, 2025 பிப்ரவரியில் அதனை அரிசியாகவே வழங்கத் தொடங்கியது.

சிக்கல் எல்லையில் எழுகிறது. வேலைக்காகத் தமிழகம் செல்பவர், 'ஒரே நாடு ஒரே ரேஷன்' முறையில் கர்நாடக அட்டையைக் காட்டி அங்கேயே மத்திய ஒதுக்கீட்டைப் பெறலாம். குடும்பத்தினர் எஞ்சிய பங்கைச் சொந்த ஊரில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால், மாநில அரசு தன் நிதியில் தரும் கூடுதல் உதவி எல்லையைத் தாண்டுவதில்லை.

நகரத்து ஏற்பாடுகள் பொருந்துமா?

2017 ஆகஸ்டில் பெங்களூருவில் தொடங்கப்பட்ட இந்திரா உணவகம் நகரங்களை மையமாகக் கொண்டது. அதே மாதம் சென்னை பெசன்ட் நகரில் தொடங்கப்பட்ட 'அய்யமிட்டு உண்' பொதுக் குளிர்பதனப் பெட்டிக்கு மின்சாரமும், அன்றாடம் உணவு கொண்டுவந்து வைப்போரும் தேவை. வனக் கிராமத்தில் இவை இரண்டையும் நம்பியிருக்க இயலாது.

அரிசி, பருப்பு, எண்ணெய் போன்ற கெடாத பொருள்களைச் சேமித்துவைக்கும் சமூக உணவு அலமாரியே அங்கு பொருத்தமானது. 2021 ஏப்ரலில் பிலிப்பைன்ஸின் கேசோன் நகரில் ஒரு சிறு மூங்கில் வண்டியில் தொடங்கிய இத்தகைய முயற்சி, சில வாரங்களிலேயே அந்நாடெங்கும் பரவியது. இயன்றதைக் கொடு, தேவையானதை மட்டும் எடு என்பதே அதன் விதி.

நம்பிக்கையே அடித்தளம்

இப்பகுதி மக்களுக்கு அன்னதானம் புதிதல்ல. மலை மாதேஸ்வரர் கோயிலின் தாசோகம் பக்தர்களுக்கு உணவளித்து வருகிறது. அதேவேளையில், 2018 டிசம்பர் 14 அன்று இதே ஹனூர் பகுதியின் சுளவாடி மாரம்மன் கோயிலில் நஞ்சு கலந்த பிரசாதத்தை உண்ட 17 பேர் உயிரிழந்தனர். கோயில் நிர்வாகப் பூசலே காரணம் எனக் காவல்துறை தெரிவித்தது. எனவே, யார் சமைத்தது, யார் பொறுப்பு என்ற கேள்வியை இங்கு எவரும் அலட்சியம் செய்ய முடியாது.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2019-ஆம் ஆண்டு விதிமுறைகளும் இதையே வலியுறுத்துகின்றன. உபரி உணவைப் பகிர்ந்தளிக்கும் அமைப்புகள் பதிவு பெற வேண்டும். உணவின் பெயர், அளித்தவர் விவரம், தயாரித்த நாள், காலாவதி நாள், சைவமா அசைவமா என்பவை குறிக்கப்பட வேண்டும்.

கொடுப்போர் கவனிக்க வேண்டியவை

உறை பிரிக்காத, காலாவதி நாள் நெருங்காத பொருள்களையே அளிக்க வேண்டும். உண்டு மிஞ்சியதைக் கொடுப்பது உதவியாகாது. என்ன தேவை என்பதைப் பள்ளி ஆசிரியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ கேட்டறிந்து கொடுப்பது நல்லது. பெறுவோரிடம் ஆதாரம் கேட்பதும் படம் பிடிப்பதும் அவர்களைத் தயங்கி விலகச் செய்யும்.

எனினும், அலமாரி என்பது இடைவெளியை நிரப்பும் ஏற்பாடு மட்டுமே. சட்டம் உறுதியளித்த தானியத்தை மாதந்தோறும் உரிய நாளில் கொண்டுசேர்க்கும் கடமை அரசுகளுடையது. கொடையாளர்களின் நல்லெண்ணம் அதற்கு மாற்றாகிவிடக் கூடாது.