பெயர் வாழ்கிறது, செடி எங்கே?



குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 பூக்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவனை மேடையேற்றிப் பரிசளிக்கின்றோம். நன்று! ஆனால், அம்மேடையின் இருமருங்கும் தொட்டிகளில் நிற்பவை எவை? குரோட்டன்சும் காகிதப்பூச் செடியும் அல்லவோ? அம்மாணவனைத் தோட்டத்துள் அழைத்துச் சென்று, "வெட்சி எது? தளவம் எது?" என்று கேட்டால் விழிப்பான். குற்றம் அவனதன்று. பெயரைக் கொடுத்த நாம் பூவைக் காட்டவில்லை. செடி அழிந்தபின் அதன் பெயர் அகரமுதலியில் கிடக்கும் வெற்றொலியே. சொல்லைக் காப்போர்க்குச் சொல் குறிக்கும் பொருளைக் காக்கும் கடன் இல்லையோ?

"மிளகாயும் நிலக்கடலையும் அயல்நாட்டினவே, அவற்றையும் வெறுப்பதா?" எனச் சிலர் மடக்குவர். வேண்டா. அவை விதைத்த நிலத்தில் நின்று நமக்கு உணவாயின. நாம் எதிர்ப்பது வேலி தாண்டிப் பிறவற்றை அழிப்பனவற்றையே. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து தோட்டத்து அழகுக்கெனக் கொணரப்பட்ட உண்ணிச்செடி, இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டுத்தரையை மூடிப் புல்லை மாய்க்கின்றது. குளங்களை மூடும் வெங்காயத்தாமரையும் பூவழகு காட்டி வந்ததே. இத்தகு செடிகளை அகற்றிக் காட்டை மீட்கத் தமிழ்நாட்டரசு 2022-இல் கொள்கை வகுக்க நேர்ந்தது.

"எப்பூவாயின் என்ன?" என்பாரும் உளர். பட்டாம்பூச்சி பல பூவிலும் தேனுண்ணும். அதன் புழுவோ எல்லா இலையையும் தின்னாது. வெந்தயவரியன் எருக்கிலையை நாடி முட்டையிடும். எருக்கைக் களையென்று பிடுங்கி எறிந்துவிட்டுப் பட்டாம்பூச்சியைக் காணோமென்று ஏங்குவது, தொட்டிலை உடைத்துவிட்டுப் பிள்ளையைத் தேடுவதாம்!

புதுச்சேரியை அடுத்த ஆரோவிலில், 1968 முதல் பன்னாட்டினர் கூடி, அரிப்புண்டு கிடந்த செம்மண் மேட்டைக் காடாக்கினர். தொடக்கத்தில் அயல்மரங்களையும் நட்டனர். பின்னர், நம் ஊர்க் கோயிற்காடுகளில் எஞ்சிநின்ற மரங்களின் விதைகளைத் தேடித் திரட்டி, இக்கடற்கரைப் பகுதிக்கே உரிய உலர்பசுமைக் காட்டை மீட்கலாயினர். கடல்கடந்து வந்தோர் நம் மரத்தைத் தேடுகின்றனர். நாமோ அயற்செடியைத் தேடிக் கடைக்குப் போகின்றோம்!

இனிச் செய்ய வேண்டுவது யாது? ஊர்தோறும் பத்துப்பேர் கூடுக. முதியோரை உடனழைத்துக்கொண்டு ஏரிக்கரையையும் கோயிற்காட்டையும் சுற்றி, அங்குத் தாமாக வளர்வன எவையெனக் குறித்துக்கொள்க. விதை திரட்டி நாற்றங்கால் இடுக. காட்டுச் செடியை வேரோடு பெயர்த்தல் கூடாது. மலைக்குரிய செடியை நெய்தல் மணலில் நட்டுச் சாகவிடுதல் பற்றன்று, பேதைமை. செங்காந்தளை நடுவோர், அதன் கிழங்கு நஞ்சென்பதைச் சிறுவர்க்குச் சொல்லி நடுக.

அடுத்த ஆண்டு அதே மேடையில் ஒரு மாணவன் பெயர் சொல்லச் சொல்ல, மற்றொருவன் அவ்வச்செடியைத் தொட்டுக் காட்டட்டும். 99 வேண்டா, ஒன்பது போதும். முதலில் நடுவோம், பிறகு பாடுவோம்!